பில் பிரிண்டரைத் தூக்கிப் போடச் சொல்கிறார்கள்



2025-ஆம் ஆண்டு செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் நம் கடைகளில் மூன்று காரியங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. செப்டம்பர் 22-ல் ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறின. பிஸ்கட், குளியல் சோப்பு, ஷாம்பு, பற்பசை முதலியவை 18 சதவீதத்திலிருந்து 5-க்கும், நெய்யும் வெண்ணெயும் 12-லிருந்து 5-க்கும் இறங்கின. அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்குக் கொடுத்துவந்த ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனம் நிறுத்திக்கொண்டது. அக்டோபர் 20-ல் தீபாவளி. வருடத்திலேயே அதிக பில் போடும் நாட்களில் விகிதத்தையும் மாற்றி, சாப்ட்வேரையும் மாற்றி, கம்ப்யூட்டரையும் மாற்றச் சொன்னால் ஒரு மளிகை வியாபாரி என்ன பாடுபடுவார் என்பதை விளக்க வேண்டியதில்லை. கீழமாசி வீதியில் மட்டுமல்ல, திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டி பக்கமிருந்து சரக்கு எடுக்க வருகிறவர்களிடமும் அந்த நாட்களில் நான் கேட்டது ஒரே புலம்பல்தான். புதுக் கம்ப்யூட்டர் ஓடுகிறது, புது சாப்ட்வேர் திறக்கிறது, விகிதமும் சரியாக ஏறியிருக்கிறது. பிரிண்டர் மட்டும் அடிக்கவில்லை.

சாப்ட்வேர் போட்டுக் கொடுத்த தம்பியைக் கூப்பிட்டால் அவர் சொல்லும் பதிலும் எல்லாக் கடையிலும் ஒன்றுதான். "அண்ணாச்சி, பிரிண்டர் பழசு. இதுக்கெல்லாம் இப்ப டிரைவர் கிடைக்காது. தூக்கிப் போட்டுட்டு ஒரு தெர்மல் வாங்கிக்கோங்க." இந்தப் பதிலை நம்மில் பலர் அப்படியே நம்பிப் பணத்தைக் கட்டிவிட்டார்கள். இது பெரும்பாலும் சரியான பதில் அல்ல என்பதும், இதற்கு நாம் பணம் கொடுக்கக் கூடாது என்பதும் என் கருத்து. நான் பள்ளிப் படிப்போடு நின்றவன், கம்ப்யூட்டர் படித்தவனல்ல. ஆனால் டாஸ் காலத்திலிருந்து பில் போட்டு வருகிறவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

டிரைவர் என்றதும் நமக்கு லாரி டிரைவர்தான் நினைவுக்கு வருவார். இது வேறு. குண்டூரில் மிளகாய் எடுக்கப் போகிறோம். நமக்குத் தெலுங்கு வராது, அங்குள்ளவருக்குத் தமிழ் வராது. இடையில் இரண்டு பாஷையும் தெரிந்த தரகர் ஒருவர் வேண்டும். கம்ப்யூட்டர் பேசுவது ஒரு பாஷை, பிரிண்டருக்குத் தெரிந்தது ஒரு பாஷை. நடுவில் நின்று சொல்கிற சின்ன சாப்ட்வேருக்குத்தான் டிரைவர் என்று பெயர். பிரிண்டர் இரும்பும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த பொருள்; தலையும் ரிப்பனும் சரியாக இருந்தால் பதினைந்து வருஷம்கூட உழைக்கும். தரகர் அப்படியல்ல. கம்ப்யூட்டரின் விண்டோஸ் மாறும்போதெல்லாம் அவரும் மாற வேண்டும். நம் கடைகளில் செத்துப் போவது தரகர். பழியை ஏற்று வெளியே போவது பிரிண்டர்.

டாஸ் காலத்தில் இந்தத் தொல்லை பெரிதாக இல்லை. பாக்ஸ்புரோவில் எழுதிய பில் புரோகிராம் எழுத்துக்களை நேராகப் பிரிண்டர் வயருக்குள் தள்ளிவிடும், அதுவும் அடித்துவிடும். விண்டோஸ் வந்த பிறகு எல்லாம் டிரைவர் வழியாகத்தான் போக வேண்டும் என்றாயிற்று. 2007 ஜனவரியில் தமிழ்நாட்டில் வாட் வந்தது, பலர் சாப்ட்வேர் மாற்றினோம். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது, மறுபடியும் மாற்றினோம். வரி மாறும்போதெல்லாம் சாப்ட்வேர் மாறுகிறது. சாப்ட்வேருக்காக விண்டோஸ் மாறுகிறது. கடைசியில் அடி வாங்குவது மேசை ஓரத்தில் இருக்கும் பிரிண்டர்.

இந்தத் தடவை அடி பலமாக விழுந்ததற்கு ஒரு காரணம் உண்டு. விண்டோஸ் 7, விண்டோஸ் 10 இரண்டும் 32 பிட், 64 பிட் என இரண்டு வகையிலும் வந்தன. நம் பழைய கம்ப்யூட்டர்கள் பலவற்றில் இருந்தது 32 பிட். விண்டோஸ் 11-ல் 64 பிட் மட்டும்தான் உண்டு. 32 பிட்டுக்கு எழுதிய டிரைவர் அதில் ஏறாது. டாஸ் புரோகிராமும் ஓடாது. ஆகவே பெட்டியோடு வந்த பழைய சி.டி.யைப் போட்டால் எர்ரர்தான் வரும். அதைப் பார்த்துவிட்டு "டிரைவர் கிடைக்காது" என்று முடிவு கட்டுவது சோம்பேறித்தனம். பிரிண்டர் தயாரித்த கம்பெனியின் இணையதளத்தில் அதே மாடலுக்கு 64 பிட் டிரைவர் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இல்லையென்றாலும் விண்டோஸிலேயே 'ஜெனரிக் டெக்ஸ்ட் ஒன்லி' என்ற பொது டிரைவர் ஒன்று இருக்கிறது. வெறும் ஆங்கில எழுத்தும் எண்ணும் அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பில்லுக்கு அது போதும். வேகமும் அதிகம்.

ஆளைக் கூப்பிடுவதற்கு முன் கடையிலேயே பார்த்துக்கொள்ளக் கூடியவை சில உண்டு. பிரிண்டரை அணைத்து, லைன் ஃபீட் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி மறுபடி போட்டால் நம் கடைகளில் உள்ள டாட் மேட்ரிக்ஸ் மாடல்களில் பெரும்பாலானவை தாமாகவே வரிசையாக எழுத்துக்களை அடித்துக் காட்டும். கம்ப்யூட்டர் வயரைக் கழற்றி வைத்துவிட்டே இதைச் செய்யலாம். அது அடித்துவிட்டால் பிரிண்டர் நன்றாக இருக்கிறது என்று பொருள். அதன்பின் "பிரிண்டர் போச்சு" என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். அடுத்து நோட்பேடில் கடைப் பெயரை அடித்து பிரிண்ட் கொடுத்துப் பாருங்கள். அது வந்தால் டிரைவரும் சரி, கோளாறு பில் சாப்ட்வேரின் செட்டிங்கில் இருக்கிறது. வராவிட்டால் பிரிண்டர் பட்டியலைத் திறந்து பாருங்கள். அதே பிரிண்டர் பெயர் 'காப்பி 1' என்ற வாலோடு இரண்டாவதாக நிற்கும். யு.எஸ்.பி. வயரை வேறு துளையில் மாற்றிச் செருகினாலே இப்படி ஆகும். சாப்ட்வேர் பழைய பெயருக்கு பில்லை அனுப்பிக்கொண்டே இருக்கும், அது போய்ச் சேராமல் கிடக்கும். இன்னொன்று, கடைசியாக எந்தப் பிரிண்டரில் அடித்தோமோ அதையே முதன்மைப் பிரிண்டராக விண்டோஸ் தானாக மாற்றிக்கொள்ளும் வசதி விண்டோஸ் 10-லிருந்து இருக்கிறது. வீட்டுக்கு அது வசதி, கடைக்கு உபத்திரவம். மகன் மாடியிலுள்ள லேசரில் ஒரு தாள் எடுத்தால், கீழே கவுண்டரில் போடும் பில் எல்லாம் மாடிக்குப் போய்விடும். அதை நிறுத்தி வைத்துவிடுவது நல்லது.

இவற்றையெல்லாம் விட அதிகத் தாளைத் தின்றது காகித அளவுதான். நம்மில் பலர் 10 அங்குல அகலத்தில், 12 அங்குலத் தாளைப் பாதியாக்கி, 6 அங்குல உயரத்துக்குத் துளைக் கோடு போட்ட தொடர் காகிதத்தில் பில் அடிக்கிறோம். பழைய கம்ப்யூட்டரில் இந்த அளவை யாரோ ஒருவர் என்றோ ஒரு நாள் பதிந்து வைத்திருப்பார். புது டிரைவரைப் போட்டவுடன் அது ஏ4 என்றோ லெட்டர் என்றோ தானாக எடுத்துக்கொள்கிறது. முதல் பில் சரியாக வரும். இரண்டாவது பில்லின் தலைப்பு கோட்டுக்குக் கீழே இறங்கும், மூன்றாவதில் மொத்தத் தொகை அடுத்த தாளில் விழும். பில் எண்ணும் கடைப் பெயரும் அச்சடித்த தாள் என்றால் அத்தனையும் வீண். பக்கத்துக் கடையில் அரைப் பெட்டிக் காகிதம் இப்படிப் போனதை நானே பார்த்தேன். ஆயுத பூஜைக்கு மறுநாள் அது, வாசலில் தட்டு வண்டிகள் வரிசை கட்டி நின்றன. பிரிண்ட் சர்வர் பிராபர்ட்டீஸ் என்ற இடத்தில் நம் தாளின் அகலம், உயரத்தைக் கொடுத்துப் புதிதாக ஒரு ஃபார்ம் உண்டாக்கி, டிரைவரிலும் பில் சாப்ட்வேரிலும் அதையே தேர்ந்தெடுத்தால் தீர்ந்தது. ஐந்து நிமிட வேலை. ஆனால் அதைச் செய்யத் தெரிந்தவர் வருவதற்கு அந்தக் கடைக்காரர் இரண்டு நாள் கையால் பில் எழுதினார்.

தெர்மலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சில்லறைக் கவுண்டரில் நூறு ரூபாய்க்கு வாங்கிப் போகிறவருக்குத் தெர்மல் பில் நல்லதுதான், சத்தமும் இல்லை. மொத்த வியாபாரத்தில் நிலைமை வேறு. மின் இன்வாய்ஸ் கட்டாயமில்லாத வணிகர் சரக்கு விற்றால் வாங்குபவருக்கு ஒன்று, வண்டிக்காரருக்கு ஒன்று, நமக்கு ஒன்று என மூன்று பிரதி வேண்டும் என்பது ஜி.எஸ்.டி. விதி. டாட் மேட்ரிக்ஸ் ஒரே அடியில் மூன்றையும் தரும். தெர்மலில் மூன்று தடவை அடிக்க வேண்டும். கணக்குப் புத்தகங்களையும் பில்களையும் ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும் என்பதும் சட்டம். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கடியில் தெர்மல் தாள் 72 மாதம் எழுத்தோடு இருக்குமா? கடன் பாக்கிக்கு மறு வருஷம் பில்லைக் காட்டப் போனால் வெள்ளைத் தாளைத்தான் காட்ட நேரும்.

ஒரு நியாயத்தையும் மறைக்கக் கூடாது. ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய வணிகர்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் மின் இன்வாய்ஸ் கட்டாயம். அதில் க்யூ.ஆர். கட்டம் வரும். நான் மேலே சொன்ன பொது டிரைவர் எழுத்தை மட்டும்தான் அடிக்கும், அந்தக் கட்டத்தை அடிக்காது. பொருளின் பெயரைத் தமிழில் போடுகிறவர்களுக்கும் அதே கதைதான். இவர்களுக்கு அந்த மாடலுக்கே உரிய டிரைவர் தேவை. அதுவும் கிடைக்கவில்லை என்றால் பிரிண்டரை மாற்றித்தான் ஆக வேண்டும். ஆனால் அதைச் சாப்ட்வேர் விற்பதற்கு முன்னால் சொல்ல வேண்டும், பணத்தை வாங்கிய பின் அல்ல.

இது மளிகைக் கடைக்கு மட்டும் வந்த நோய் அல்ல. கட்டட வரைபடம் போடும் அலுவலகங்களில் ஆட்டோகேட் என்ற சாப்ட்வேரில் வரைந்து, பிளாட்டர் என்ற பெரிய இயந்திரத்தில் தாளாக எடுப்பார்கள். 1999-ல் ஆட்டோகேட் 2000 வந்தபோது பிளாட்டருக்கான அமைப்புக் கோப்புகளின் முறையே மாறியது. 2019 பதிப்புக்குப் பின் 32 பிட் ஆட்டோகேட்டே வருவதில்லை. வரைபடம் திரையில் அழகாகத் தெரியும், பிளாட்டர் மட்டும் அசையாது. பிளாட்டர் விலை நம் பில் பிரிண்டரைப் போலப் பல மடங்கு. அதனால் அவர்கள் எளிதில் தூக்கிப் போடுவதில்லை, பழைய கம்ப்யூட்டர் ஒன்றை அதற்கென்றே ஒதுக்கி வைத்துக்கொண்டு, அதிலிருந்து தாள் எடுப்பார்கள். நாம் பார்த்துச் செய்யக்கூடிய வழிதான் இது.

மின் தராசிலிருந்து எடை நேராக பில்லுக்குப் போகும்படி வைத்திருக்கும் கடைகளிலும் இது வந்தது. தராசு வயரை யு.எஸ்.பி.யாக மாற்றும் குட்டிக் கருவியில் பழைய சில்லு இருந்தால், 2012-லேயே இது நிறுத்தப்பட்டுவிட்டது, விற்றவரைக் கேளுங்கள் என்று ஆங்கிலத்தில் எழுதிக் காட்டிவிட்டு நின்றுவிடுகிறது. தராசில் கோளாறு இல்லை. அந்தக் குட்டி வயரைப் புதிதாக வாங்கினால் போதும்.

இனி வரும் நாட்களில் இது குறையும் என்று எனக்குத் தோன்றவில்லை. மற்றக் கம்பெனிகளின் பிரிண்டர் டிரைவர்களை விண்டோஸ் அப்டேட் வழியாகத் தருவதைப் படிப்படியாகக் குறைக்கப்போவதாக மைக்ரோசாப்ட் 2023 செப்டம்பரிலேயே அறிவித்துவிட்டது. 2021 ஜூலையில் பாதுகாப்புக்காக அது விட்ட ஒரு அப்டேட், யு.எஸ்.பி.யில் இணைத்த சில ரசீது, லேபிள் பிரிண்டர்களை நிறுத்தியதும் நடந்ததுதான். அக்டோபர் 14-ஐச் சொல்லி நம்மைப் பயமுறுத்தினார்களே, அன்றைக்கு விண்டோஸ் 10 எந்தக் கடையிலும் நின்றுவிடவில்லை. நின்றது பாதுகாப்பு அப்டேட் மட்டும். இணையத்தில் ஜி.எஸ்.டி. தாக்கல் செய்யும் கம்ப்யூட்டருக்கு அது அவசியம், நான் மறுக்கவில்லை. அதைத் தீபாவளிக்கு மறுவாரம் செய்திருந்தால் குடி முழுகிப் போயிருக்காது.

என் கருத்து இதுதான். நவராத்திரியிலிருந்து தீபாவளி வரையிலும், பொங்கலுக்கு முன்னும், மார்ச் கடைசியிலும் கம்ப்யூட்டரைத் தொடக்கூடாது. வரி விகிதம் மாறினால் விகிதத்தை மட்டும் மாற்றிக்கொண்டு, மற்றதைத் தள்ளிப் போடலாம். சாப்ட்வேர் விற்பவர், "உங்கள் கடையில் இப்போது உள்ள இன்ன மாடல் பிரிண்டரில், இன்ன அளவுத் தாளில் பில் அடித்துக் காட்டிய பிறகே முழுப் பணம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஏ.எம்.சி. ஒப்பந்தத்திலும் டிரைவர் மாற்றிக் கொடுப்பது அவர் பொறுப்பு என்ற வரி இருக்க வேண்டும். பழைய கம்ப்யூட்டரைக் கழிவுக்குக் கொடுக்காமல் ஒரு மாதமாவது அப்படியே வைத்திருங்கள். டிரைவர் உள்ள பென் டிரைவ் இரும்புப் பெட்டியில் இருக்கட்டும்.

தனி வியாபாரி கேட்டால் சிரித்துவிட்டுப் போவார்கள், சங்கம் கேட்டால் யோசிப்பார்கள். இதற்கென ஒரு மாதிரி ஒப்பந்தத்தை நம் சங்கமே அச்சடித்து உறுப்பினர்களுக்குத் தர வேண்டும் என்று அடுத்த பொதுக்குழுவில் கேட்கவிருக்கிறேன். அதற்குள் உறுப்பினர்கள் தத்தம் பிரிண்டரின் பின்புறம் ஒட்டியிருக்கும் சீட்டில் உள்ள மாடல் பெயரையும், எந்த விண்டோஸில் எந்த டிரைவரோடு அது ஓடுகிறது என்பதையும் ஒரு அஞ்சலட்டையில் எழுதிச் சங்க அலுவலகத்துக்கு அனுப்பி வைத்தால், எல்லோருக்கும் பயன்படும்படி ஒரு பட்டியல் தயாரித்துவிடலாம்.