வேலைக்கு மட்டுமா ஊரார்?

வானம் பொய்த்துவிட்டது என்று நம் பாட்டிமார் சொல்வதுண்டு. இப்போது வானம் பொய்ப்பதோடு நிற்பதில்லை. பெய்யும்போதும் கணக்குத் தவறிப் பெய்கிறது. 2016-ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைந்தது. அடுத்த ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி மாவட்டங்களாக அரசு அறிவிக்க நேர்ந்தது. 2023 டிசம்பரிலோ காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 94 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. நம் திண்டுக்கல் மாவட்டத்தில் ஓராண்டு முழுவதும் பெய்யும் மழையே சராசரியாக 84 சென்டிமீட்டர் அளவுதான். ஓராண்டு மழை ஒரே நாளில் நம் தலையில் இறங்கினால் என்ன ஆகும் என்று தோழியர் எண்ணிப் பார்க்கட்டும்.

காற்று ஒரு பாகை சூடேறினால் அது சுமக்கக்கூடிய நீராவி ஏறக்குறைய 7 சதவீதம் கூடுகிறது என்கிறது விஞ்ஞானம். ஆகவே மழை பெய்யும் நாட்கள் குறைந்தாலும் பெய்கிற நாளில் கனத்துப் பெய்வதற்கு இடமுண்டு. வற்றாத ஆறு எதுவும் இல்லாத வடமதுரை வட்டாரத்திற்கு இது பெரிய செய்தி. சந்தனவர்த்தினியும் குடகனாறும் மழை பெய்தால் ஆறு, இல்லாவிட்டால் மணல். நான்கு நாள் மழையை நான்கு மாதத்திற்கு வைத்துக் காப்பாற்றித் தருவது குளம் ஒன்றே. கிணற்றில் ஊறுவதும் அதன் தயவுதான்.

குளம் என்றால் தண்ணீர் தேங்கிய பள்ளம் என்று நினைப்போர் உண்டு. அது ஓர் இயந்திரம் போன்றது. மேட்டு நிலத்திலிருந்து நீரைக் கூட்டி வர வரத்துக் கால்வாய், தாங்கி நிற்கக் கரை, அளந்து விட மடை, மிஞ்சியதை அடுத்த ஊருக்கு அனுப்பக் கலுங்கு என ஒவ்வொன்றிற்கும் ஒரு வேலை உண்டு. ஒன்று கெட்டால் எல்லாம் கெடும். இந்த இயந்திரத்தை ஓட்டுவதற்கென்றே ஊரில் ஒருவர் இருந்தார். மதுரைச் சீமையில் அவரை நீர்க்கட்டி என்றும் நீர்ப்பாய்ச்சி என்றும் அழைப்பர். எந்த வயலுக்கு எத்தனை நாழிகை, எந்த மடையை எப்போது திறப்பது, கரையில் எங்கே நண்டு வளை விழுந்திருக்கிறது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். கூலி நெல்லாக அளக்கப்பட்டது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் கரையில் இரவெல்லாம் காவல் நின்றவர் பல ஊர்களில் சொந்த வயல் இல்லாதவராகவும், ஊர்ச் சபையில் உட்கார இடம் இல்லாதவராகவும் இருந்தார் என்பதையும் மறைக்கக் கூடாது. பழையது என்பதாலேயே எல்லாவற்றையும் புகழ்ந்துவிட எங்களுக்கு மனமில்லை.

ஊரார் கூடிக் குளத்தைப் பழுது பார்ப்பதற்குக் குடிமராமத்து என்று பெயர். இந்த வழக்கத்தை வெள்ளையர் ஆட்சி எப்படிப் பார்த்தது என்பது சுவையான கதை. 1858-ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் என்று ஒன்று வந்தது. கரை உடையும் ஆபத்தில் ஊராரைக் கட்டாயமாக வேலைக்கு அழைக்கலாம். வழக்கமான குடிமராமத்து வேலைக்கு வராதவரிடம் அந்த வேலையின் மதிப்பைப் போல் இரு மடங்கு வசூலிக்கலாம். நிலவரி கம்பெனிக்கு, பிறகு சர்க்காருக்கு. மண்வெட்டி மட்டும் குடியானவனுக்கு. ஊராரின் உரிமையாகவும் கடமையாகவும் இருந்த ஒன்றில் உரிமையைக் கழித்துவிட்டுக் கடமையை மட்டும் சட்டமாக்கினார்கள். அதன் பிறகு அந்த வழக்கம் தேய்ந்து போனதில் வியப்பென்ன?

இந்த 1858-இன் மனப்பான்மை இன்னும் முழுவதும் போகவில்லை என்பதே நாங்கள் சொல்ல வந்தது. தமிழக அரசு 2017-இல் குடிமராமத்தை மீண்டும் தொடங்கியது. முதற்கட்டமாக 100 கோடி ரூபாயில் 1,519 பணிகள் எடுத்துக் கொள்ளப்பட்டன. பாசனக்காரர்கள் பத்தில் ஒரு பங்கைப் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தர வேண்டும் என்றனர். நோக்கம் நல்லது, சில குளங்களில் பயனும் கிடைத்தது. ஆயினும் விவசாயிகள் சங்கத்தின் பெயரில் ஒப்பந்தக்காரரே வேலை செய்தார் என்ற புகார் பல இடங்களில் எழுந்தது. எந்த இடத்தில் ஆழப்படுத்துவது, எந்தக் கால்வாயை முதலில் திறப்பது என்று ஊராரைக் கேட்காமல் பத்தில் ஒரு பங்கை மட்டும் கேட்டால், அது பங்கேற்பு ஆகுமா? வசூல் என்று சொல்வதே பொருந்தும்.

அலுவலகக் கணக்கோ இன்னும் வேடிக்கை. 40 ஹெக்டேருக்கு மேல் பாசனம் உள்ள குளம் நீர்வளத் துறையைச் சேர்ந்தது; அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்தது. தண்ணீர் புறப்படும் மலையடிவாரம் வனத்துறைக்கு. ஆக்கிரமிப்பை அளக்க வேண்டுமானால் வருவாய்த் துறையைத் தேடிப் போக வேண்டும். தண்ணீருக்கோ இந்த எல்லைகள் எதுவும் தெரியாது. முழு வழியையும் கால் நடையாக அறிந்தவர் ஊர்க்காரர்தான். அவருக்குத்தான் கோப்பில் இடமில்லை.

சரி, ஊரார் என்றால் யார்? இங்கேதான் எங்களைப் போன்ற பெண்பிள்ளைகள் காதைக் கூர்மையாக்கிக் கொள்ள வேண்டும். பாசன அமைப்புகளை விவசாயிகளே நிர்வகிப்பதற்கென்று 2000-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி பாசன நிலம் உள்ளவரே சங்கத்து வாக்காளர். நிலப் பட்டா பெரும்பாலும் அப்பா பெயரில் இருக்கும், அல்லது தாத்தா பெயரில். அவர் காலமாகியிருந்தாலும் அவர் பெயரில்தான் இருக்கும்! நாற்று நடுபவள், களை எடுப்பவள், கிணறு வற்றினால் குடத்தோடு மூன்று தெரு நடப்பவள் அந்தப் பட்டியலில் இல்லை. ஆடு மேய்ப்பவரும் இல்லை, மண்பாண்டத் தொழிலாளியும் இல்லை. வறட்சி வந்தால் முதலில் அடிபடுகிறவர்கள் இவர்களே.

சீமைக் கருவேல மரத்தை எடுத்துக் கொள்வோம். குளத்தையும் கால்வாயையும் அடைத்து நிற்கிற அந்நிய மரம், அதை வேரோடு அகற்ற வேண்டும் என்பதில் எங்களுக்கும் மாற்றுக் கருத்து இல்லை. நீதிமன்றமும் பலமுறை சொல்லியிருக்கிறது. ஆனால் அந்த மரம்தான் இன்றைக்கு ஏழை வீட்டு விறகு. பலருக்குக் கரி மூட்டமாகிக் கூலியும் தருகிறது. அவர்களையும் உட்கார வைத்துப் பேசி, எந்தக் குளத்தில் எந்த ஆண்டு வெட்டுவது, அந்த இடத்தில் எந்த நாட்டு மரம் வைப்பது என்று முடிவு செய்தால், மறுபடி முளைக்கும் கன்றைப் பிடுங்கவும் அவர்களே இருப்பார்கள். இயந்திரம் வந்து ஒரு வாரத்தில் வாரிப் போட்டுவிட்டுப் போனால், இரண்டு மழைக்குள் மீண்டும் முள்காடுதான்.

நம் பக்கத்துக் காட்டிலும் இதே கேள்வி நிற்கிறது. 2022 அக்டோபர் 12-ஆம் நாள் திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் பரப்பைக் கடவூர் தேவாங்கு சரணாலயமாக அரசு அறிவித்தது. இந்தியாவில் தேவாங்குக்கென்று அமைந்த முதல் சரணாலயம் இது. அந்தப் பெருமை நம் வேடசந்தூர் வட்டத்திற்கும் உண்டு. பெரிய கண்ணும் மெலிந்த கையுமாக இரவில் கிளைக்குக் கிளை தாவாமல் மெல்ல நடந்து போகும் இந்தச் சிறு பிராணி, பூச்சிகளைத் தின்று உழவருக்கு உதவுகிறது. மாந்திரீகம், குறி என்று சொல்லி இதைப் பிடித்துத் துன்புறுத்திய மூடப் பழக்கமும் நம் நாட்டில் இருந்தது. இந்த முள்காடுகளில் அது இன்னும் எஞ்சியிருப்பதற்குச் சட்டம் மட்டுமா காரணம்? காட்டோரத்து ஊர்களின் பொறுமையும் ஒரு காரணம் என்றே எண்ணுகிறோம். அய்யலூர் வியாழச் சந்தைக்கு வருகிற ஆடுகளில் எத்தனை இந்தக் காட்டோரத்தில் மேய்ந்தவையோ! மேய்ப்பவரைத் திருடரைப் போல் விரட்டினால் தேவாங்குக்கு நண்பர் குறைவார்கள். எந்தச் சரிவில் மேய்ச்சல், எந்தச் சரிவில் ஓய்வு என்று அவரோடு சேர்ந்து வரைபடம் போட்டால், காட்டுத் தீயை முதலில் பார்த்துச் சொல்பவரும் அவராகவே இருப்பார்.

படிக்காதவருக்குப் பருவநிலை பற்றி என்ன தெரியும் என்று கேட்பவர்களுக்கு ஒரு பெண்மணியைக் காட்டுகிறோம். அமெரிக்காவைச் சேர்ந்த எலினார் ஆஸ்ட்ரம் 2009-இல் பொருளாதாரத்திற்கான நோபல் பரிசு பெற்றார். அப்பரிசைப் பெற்ற முதல் பெண் அவரே. நேபாளத்துப் பாசனங்களை அவரும் அவருடைய கூட்டாளிகளும் ஆராய்ந்தபோது, பொறியாளர் கட்டிய சிமெண்டு மதகுகளைவிட, உழவர்கள் தாங்களே கட்டி, தாங்களே விதி வகுத்த மண் வாய்க்கால்கள் பொதுவாகக் கடைமடை வரை நன்றாகத் தண்ணீர் சேர்த்தன என்று கண்டார்கள். விதி வகுப்பதில் பங்கு இருந்தவர் விதியைக் காத்தார். 2015-இல் உலக நாடுகள் செய்துகொண்ட பாரிஸ் உடன்படிக்கையும் பழங்குடியினரின் அறிவையும் உள்ளூர் அறிவையும் துணை கொள்ள வேண்டும் என்கிறது. பாரிசில் ஒப்புக்கொண்டது பஞ்சாயத்து ஆபீசுக்கு வந்து சேர இத்தனை ஆண்டா?

ஊர்ச் சபைக்கு வலிமை இல்லை என்பதும் பொய். மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டியைப் பாருங்கள். குன்றும் குளமும் சுனையும் நிறைந்த அவ்வூர்ப் பகுதி 2022-இல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024-இல் அதையும் உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்கத்திற்கு ஏலம் நடந்தபோது, சுற்று வட்டார ஊர்கள் கிராம சபைகளில் தீர்மானம் போட்டன. பெண்களும் திரளாகத் தெருவில் நடந்தார்கள். சட்டமன்றமும் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது.

2022-இல் தமிழக அரசு பருவநிலை மாற்ற இயக்கத்தைத் தொடங்கி, மாவட்டந்தோறும் ஆட்சியர் தலைமையில் குழு அமைத்தது. அதை வரவேற்கிறோம். அந்த மேசையில் ஆட்சியருக்கும் வன அலுவலருக்கும் நாற்காலி இருக்கிறது. ஒரு நீர்ப்பாய்ச்சிக்கும், ஓர் ஆட்டுக்காரருக்கும், பட்டா இல்லாத ஓர் உழவர் வீட்டுப் பெண்ணுக்கும் இன்னும் மூன்று நாற்காலி போட வேண்டும் என்று கேட்கிறோம். பாசனச் சங்கத்திலும் நிலத்தில் உழைக்கும் பெண்ணுக்கு வாக்கு வேண்டும்.

வடமதுரை பேரூராட்சி ஆதலால் இங்கே கிராம சபை கிடையாது. சுற்றியுள்ள ஊராட்சிகளில் உண்டு. தோழியரில் பலர் அங்கிருந்துதான் வருகிறோம். உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22-உம் கிராம சபை கூடும் நாட்களுள் ஒன்று. கூட்டம் பெரும்பாலும் முற்பகலில் நடக்கிறது. எங்கள் அன்னையரில் பாதிப் பேர் அந்நேரம் நூற்பாலையில் பகல் ஷிப்டில் இருப்பார்கள். மீதிப் பேர் தக்காளித் தோட்டத்தில். மாலை ஐந்து மணிக்கு மேல் கூட்டத்தை வைத்தால் வந்துவிடுவார்கள்.