மேடை ஏறும் முன் ஒரு தடவை மேலே பாருங்க!

ரிசப்ஷனில் மணமக்களோடு ஒரு போட்டோ. பள்ளி ஆண்டு விழாவில் பிள்ளை ஆடும் டான்ஸுக்கு ஒரு வீடியோ. கோயில் திருவிழாவில் இன்னிசைக் கச்சேரிக்கு முன்வரிசையில் ஒரு நாற்காலி. இந்த மூன்று இடங்களிலும் நாம் கேமராவைப் பார்க்கிறோம், பாடகரைப் பார்க்கிறோம், பக்கத்து வீட்டு அக்கா கட்டியிருக்கும் புடவையைக்கூட விடாமல் பார்க்கிறோம். தலைக்கு மேலே மட்டும் பார்ப்பதே இல்லை.

மேலே என்ன இருக்கிறது? கச்சேரிகளில் சுழன்று சுழன்று ஒளி அடிக்குமே, அந்த 'ஷார்பி' லைட் ஒன்றே சுமார் 20 கிலோ இருக்கும். 12 லைட் மாட்டினால் 240 கிலோ. பின்னால் நிற்கும் 20 அடிக்கு 10 அடி எல்.இ.டி. திரை சாதாரணமாக அரை டன்னைத் தொடும். இத்தனையையும் தாங்குவது 'ட்ரஸ்' என்கிற அலுமினியச் சட்டம், அதைத் தூக்கி நிறுத்தும் செயின் பிளாக், இவற்றை இணைக்கும் உள்ளங்கை அளவு 'ஷாக்கிள்' வளையங்கள்.

அந்த வளையத்தை இன்றைக்கு யாராவது பார்த்தார்களா? இதுதான் இந்த வாரம் நம் கேள்வி.

நான்கு மேடைகள்

2024 அக்டோபர் 3. தெலங்கானாவின் தொர்ரூரில் ஷாப்பிங் மால் திறப்பு விழா. நடிகை பிரியங்கா மோகன் நின்றிருந்த தற்காலிக மேடை சரிந்து விழுந்த வீடியோவை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அவர் லேசான காயத்தோடு தப்பினார். ஒரு ஆள் 65 கிலோ என்று வைத்தால், 30 பேர் மேடை ஏறினாலே கிட்டத்தட்ட 2 டன். வி.ஐ.பி. வந்ததும் 'நானும் ஒரு போட்டோ' என்று எல்லோரும் ஏறுவது நம் ஊரிலும் நடப்பதுதான்.

2024 டிசம்பர் 29. கொச்சி கலூர் ஸ்டேடியம். சாதனைக்காக 11,000-க்கும் மேற்பட்டோர் ஆடிய பரதநாட்டிய நிகழ்ச்சி. கேலரியில் போட்டிருந்த தற்காலிக மேடையிலிருந்து எம்.எல்.ஏ. உமா தாமஸ் தவறி, சுமார் 15 அடி கீழே விழுந்தார். பல வாரங்கள் ஆஸ்பத்திரியில் இருந்துதான் மீண்டார். மேடை ஓரத்தில் உறுதியான தடுப்புக் கம்பி இல்லை. வரிசையில் ஆட்களை நிறுத்தக் கட்டுவார்களே, அந்த ரிப்பன்தான் இருந்தது.

2024 ஜனவரி 18. ஹைதராபாத் ராமோஜி ஃபிலிம் சிட்டி. ஒரு தனியார் நிறுவனத்தின் வெள்ளி விழா. நிறுவனத் தலைவர் இரும்புக் கூண்டில் நின்றபடி மேலிருந்து மேடைக்கு இறங்குவதாக ஏற்பாடு. கூண்டை ஒரு பக்கம் தாங்கிய சங்கிலி விட்டுப்போனது. 15 அடிக்கும் மேலான உயரத்திலிருந்து விழுந்தவர் உயிரிழந்தார்.

2022 ஜூலை 28. ஹாங்காங்கில் 'மிரர்' என்ற பாய்ஸ் பேண்ட் குழுவின் இசை நிகழ்ச்சி. மேலே தொங்கிய ராட்சத திரை, ஆடிக்கொண்டிருந்த நடனக் கலைஞர்கள் மீது விழுந்தது. ஒருவருக்கு மிக மோசமான காயம். திரையைத் தாங்கிய இரும்புக் கம்பிவடம் உலோகச் சோர்வால் அறுந்தது என்றும், தொங்கவிட்ட பொருள்களின் எடையைக் குறைத்துச் சொல்லியிருந்தார்கள் என்றும் விசாரணையில் தெரிந்தது.

நான்கிலும் விஷயம் ஒன்றுதான். பணம் செலவழித்த பெரிய விழாக்கள். கோட்டை விட்டது ஒரு சங்கிலியில், ஒரு கம்பியில், ஒரு ரிப்பனில்.

காய்கறிப் பை கணக்கு

கனமான காய்கறிப் பையை இரண்டு பேர் ஆளுக்கொரு காதைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். நெருக்கமாக நடந்தால் சுலபம். விலகி விலகி நடந்தால் கை வலிக்கும். பை அதேதான், கனம் மட்டும் கூடிவிடும்.

மேடையிலும் இதே கதை. 100 கிலோ ட்ரஸை இரண்டு பெல்ட் போட்டு ஒரே கொக்கியில் தூக்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பெல்ட் தரைமட்டத்துக்கு 60 டிகிரி சாய்வில் இருந்தால், ஒவ்வொன்றும் தாங்குவது சுமார் 58 கிலோ. 30 டிகிரிக்குப் படுத்துவிட்டால் ஒவ்வொன்றும் 100 கிலோ தாங்க வேண்டும். 'இரண்டு பெல்ட் இருக்கே, பாதிப் பாதி' என்ற மனக்கணக்கு இங்கே வேலை செய்யாது.

அடுத்தது காற்று. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். அந்த 20 அடிக்கு 10 அடி திரையை மணிக்கு 36 கி.மீ. காற்று தள்ளும் விசை, சுமார் 115 கிலோ எடை சாய்வதற்குச் சமம். 72 கி.மீ. காற்று என்றால் சுமார் 460 கிலோ. கோடை மழைக்கு முன்னால் திடீரென்று வீசும் காற்றை நினைத்துப் பாருங்கள். திரையின் காலடியில் நான்கு மணல் மூட்டை வைத்திருப்பது போதுமா என்பது அப்போது புரியும்.

நல்ல ஷாக்கிளிலும் பெல்ட்டிலும் எவ்வளவு எடை தூக்கலாம் என்று பதித்திருப்பார்கள். அது அறுந்துபோகும் எடை இல்லை, பாதுகாப்பாகத் தூக்கக்கூடிய எடை. திடீர் குலுக்கல், தேய்மானம் எல்லாவற்றுக்கும் சேர்த்து அதைவிடப் பல மடங்கு தாங்கும்படி தயாரிக்கிறார்கள். 'அதான் இன்னும் தாங்குமே' என்று அந்த மிச்சத்திலும் கை வைப்பதுதான் ஆபத்து. எண்ணே இல்லாத வளையம், கட்டுக்கம்பி, நைலான் கயிறு இவற்றில் எதையும் தலைக்கு மேல் தொங்கவிடக் கூடாது. ஒவ்வொரு லைட்டுக்கும் கிளாம்ப் போக, தனியாக ஒரு சிறிய ஸ்டீல் வயரும் கட்ட வேண்டும். கிளாம்ப் கழன்றாலும் லைட் அந்தரத்தில் நிற்கும், யார் தலையிலும் விழாது.

இன்னொன்று. சரக்கு ஏற்றும் கிரேன் மனிதர்கள் ஏறுவதற்கானது இல்லை. 2023 ஜனவரி 22 அன்று அரக்கோணம் அருகே கீழ்வீதி கோயில் திருவிழாவில், சுவாமிக்கு மாலை போட பக்தர்கள் ஏறியிருந்த கிரேன் சரிந்து 4 பேர் இறந்தார்கள். மணமக்களைக் கிரேனில் இறக்கும் 'கிராண்ட் என்ட்ரி' ஆசை உங்கள் வீட்டில் எழுந்தால், இந்தச் சம்பவத்தை ஒரு முறை நினைத்துக்கொள்ளுங்கள்.

'நிறுத்துங்க' என்று சொல்வது யார்?

அமெரிக்காவின் இண்டியானா மாநிலக் கண்காட்சியில் 2011 ஆகஸ்ட் 13 அன்று இரவு இசை நிகழ்ச்சி. புயல் வருவது தெரியும். நிகழ்ச்சியைத் தள்ளிவைப்பதா, கூட்டத்தைக் கலைப்பதா என்று பேச்சு நடந்துகொண்டிருந்தபோதே காற்று வந்துவிட்டது. மேடைக் கூரை சரிந்ததில் 7 பேர் இறந்தார்கள். கூரையை இழுத்துப் பிடித்த கம்பிகளைக் கான்கிரீட் தடுப்புக் கட்டைகளில் கட்டியிருந்தார்கள், அந்தக் கட்டைகள் நகர்ந்துவிட்டன. விசாரணையில் இன்னொன்றும் தெரிந்தது. நிகழ்ச்சியை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு என்பதே அங்கே தெளிவாக இல்லை.

நம் நாட்டிலும் 2019 ஜூன் 23 அன்று ராஜஸ்தானின் பார்மர் மாவட்டத்தில் ராம கதை நிகழ்ச்சிப் பந்தல் சூறைக்காற்றில் சரிந்து, மின்சாரமும் பாய்ந்து 14 பேர் இறந்தார்கள்.

நம் ஊர் விழாவில் இந்த அதிகாரம் யாரிடம் இருக்கிறது? பந்தல்காரர் ஒருவர், லைட்காரர் ஒருவர், சவுண்ட் சர்வீஸ் ஒருவர், எல்.இ.டி. திரைக்கு இன்னொருவர். ஆளாளுக்குத் தங்கள் வேலையைப் பார்ப்பார்கள். மொத்தத்தையும் பார்ப்பவர் யாருமில்லை. மழைக்காற்று கிளம்பும்போது 'சீஃப் கெஸ்ட் பேசி முடிக்கட்டும்' என்று காத்திருப்போம். அதனால்தான் முன்கூட்டியே ஒருவர் பெயரை முடிவு செய்ய வேண்டும். அவர் 'இறங்குங்க' என்றால் எம்.எல்.ஏ.வாக இருந்தாலும் மாப்பிள்ளையாக இருந்தாலும் இறங்க வேண்டும்.

ட்ரஸ் மேல ஏறுகிற தம்பிகள்

விருந்தினர் வருவதற்கு முன்பே இந்த ஆபத்தைச் சந்திப்பவர்கள் மேடை கட்டும் பையன்கள். 2020 பிப்ரவரி 19 அன்று பூந்தமல்லி அருகே 'இந்தியன் 2' படப்பிடிப்புத் தளத்தில் லைட்டுகளைத் தாங்கிய கிரேன் விழுந்து இறந்த மூன்று பேரும் திரைக்குப் பின்னால் உழைத்தவர்கள்தான்.

ராத்திரி லாரியில் சாமான் இறக்கி, விடிய விடிய மேடை கட்டி, மறுநாள் நிகழ்ச்சி முடிந்ததும் அதே ஆட்கள் அதே ராத்திரியில் பிரித்து ஏற்றுகிறார்கள். பிரிக்கும் நேரத்தில் உடம்பில் தெம்பு இருக்காது, வேடிக்கை பார்க்கவும் ஆள் இருக்காது. செருப்புக் காலோடு, ஹெல்மெட் இல்லாமல், 20 அடி உயரத்தில் ஒரு கையால் ட்ரஸைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் போல்ட் கழற்றுவார்கள். உயரத்தில் வேலை செய்பவருக்குத் தோள், மார்பு, தொடை மூன்றையும் பிடிக்கும் முழு உடல் ஹார்னஸ் வேண்டும். வெறும் இடுப்பு பெல்ட் போதாது. ஹார்னஸை மாட்டினால் மட்டும் பத்தாது, அதன் கொக்கி எதிலாவது உறுதியாக மாட்டியிருக்கவும் வேண்டும்.

நாம் பேரம் பேசி ஐயாயிரம் குறைக்கும்போது கண்ணுக்குத் தெரியும் லைட்டோ பூவோ குறைவதில்லை. ஒரு ஆள் குறைகிறார், அவர் வேலையைத் தூக்கமில்லாத இன்னொருவர் சேர்த்துப் பார்க்கிறார்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் 7 கேள்விகள்

கல்யாணமோ, ஆண்டு விழாவோ, குடியிருப்பு சங்கத்தின் பொங்கல் விழாவோ, இதைச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.

1. மேடையில் ஒரே நேரத்தில் எத்தனை பேர் நிற்கலாம்? ஆடலாமா? குதித்து ஆடும்போது எடை இன்னும் கூடுதலாக அழுத்தும்.

2. மேலே தொங்குவதன் மொத்த எடை எவ்வளவு? ட்ரஸ் எவ்வளவு தாங்கும்? இரண்டு எண்ணையும் எழுதி வாங்குங்கள்.

3. ஒவ்வொரு லைட்டுக்கும் தனி சேஃப்டி வயர் உண்டா?

4. மேடை ஓரத்திலும் பின்பக்கமும் உறுதியான தடுப்புக் கம்பி உண்டா? பின்னால் துணி மட்டும் தொங்கினால், சுவர் இருக்கிறது என்று பிள்ளைகள் சாய்ந்துவிடுவார்கள்.

5. மேடைச் சட்டத்துக்கு எர்த் கொடுத்திருக்கிறீர்களா? மின்கசிவு வந்தால் தானாக அணையும் ஸ்விட்ச் உண்டா? மேலே மின்கம்பி போகிறதா?

6. திறந்தவெளி என்றால், காற்று எவ்வளவு அடித்தால் திரையை இறக்குவீர்கள்? இறக்க எத்தனை நிமிடம் ஆகும்?

7. 'நிறுத்துங்க' என்று சொல்லப் போகிறவர் யார்? அவர் செல்போன் நம்பர் என்ன?

'இத்தனை வருஷமா பண்றோம், ஒண்ணும் ஆகாது சார்' என்று மட்டும் பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள். வேலை தெரிந்தவர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். கேட்க ஆள் இருக்கிறது என்று சந்தோஷப்படுவார்.

பிள்ளையின் ஆண்டு விழாவுக்குப் போகிறீர்களா? வீடியோ எடுக்க செல்போனைத் தூக்கும் முன் மேடையின் மேல்பக்கம் ஒரு முறை பாருங்கள். சந்தேகம் வந்தால் தயங்காமல் ஆசிரியரிடம் சொல்லுங்கள். டான்ஸ் பத்து நிமிடம் தாமதமானால் எதுவும் கெட்டுப்போகாது.