சிமென்ட் தரையும் ஆசியக் கோப்பையும்

2022-ல் செஸ் ஒலிம்பியாடை நான்கு மாத அவகாசத்தில் மாமல்லபுரத்தில் நடத்தி முடித்த மாநிலம், 2025 இறுதியில் 24 அணிகள் மோதிய ஜூனியர் ஹாக்கி உலகக் கோப்பையையும் சென்னையிலும் மதுரையிலும் நடத்திவிட்டது. நம்மால் முடியுமா என்ற கேள்விக்கு இனி இடமில்லை. அடுத்து எதைக் கேட்டு வாங்குவது என்பதே பேச்சு. 16 அல்லது 18 வயதுக்கு உட்பட்டோருக்கான ஆசியக் கூடைப்பந்துப் போட்டியைக் கேட்க வேண்டும் என்கிறோம். இந்த ஆட்டத்துக்கும் தென் சென்னைக்கும் உள்ள உறவு நூறாண்டைத் தாண்டியது. அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் 1891-ல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் உருவாக்கிய விளையாட்டு இது. அதே ஒய்.எம்.சி.ஏ.வின் ஹாரி குரோ பக் 1920-ல் சென்னையில் தொடங்கியதுதான் இன்று நந்தனத்தில் இருக்கும் உடற்கல்விக் கல்லூரி. அங்கே படித்துப் போன பி.டி. மாஸ்டர்கள் பள்ளி பள்ளியாகப் பந்தைக் கொண்டுசேர்த்தார்கள். இந்திய மகளிர் அணிக்குப் பல ஆண்டுகள் தலைமை ஏற்று, 2021-ல் பத்மஸ்ரீ பெற்ற அனிதா பால்துரை இந்த ஊர்க்காரர். 2009-ல் ஆசிய மகளிர் போட்டி சென்னையில் நடந்தது. அதன்பின் 2017, 2018, 2022 என்று இளம்பெண்களுக்கான ஆசியப் போட்டிகள் பெங்களூருக்கே போயின.

போட்டி எதற்கு என்பதை ஒரு பள்ளி மைதானத்தில் நின்று பார்த்தால் விளங்கும். மயிலாப்பூரோ தி.நகரோ அடையாறோ, பிள்ளைகள் ஆடுவது பெரும்பாலும் திறந்தவெளி சிமென்ட் தரையில். ஏப்ரல், மே கோடை முகாமில் காலை ஒன்பது மணிக்கே தரை சுடும். ஐப்பசி, கார்த்திகையில் கோட்டுக்குள் தண்ணீர் நிற்கும். பந்தின் மேல்தோல் சிமென்டில் உரசி உரசி வழுக்கையாகிவிடும். அதைவிடப் பெரிய சேதம் கண்ணுக்குத் தெரியாதது. கையைவிட்டு உருண்டோடும் பந்தின் மீது மரத் தரையில் ஆடும் பிள்ளை பாய்ந்து விழும்; சிமென்டில் ஆடும் பிள்ளை விழாது. விழுந்தால் முட்டி சிராய்க்கும், வீட்டில் திட்டு விழும். பத்து வயதில் உடம்பில் ஏறிய அந்தத் தயக்கம் பதினாறு வயதில் இந்திய பனியனைப் போட்டதும் போய்விடாது. மரத் தரையில் வளர்ந்த சீனாவோ ஜப்பானோ எதிரே நிற்கும்போது, நடுவே உருளும் பந்துகள் எல்லாம் அவர்கள் கைக்கே போகும். உயரத்தில் தோற்கிறோம் என்று சொல்லிக்கொள்வது நமக்கு வசதி, தரையிலும் தோற்கிறோம்.

நம் பிள்ளைகள் இங்கேயே பெரிய வித்தியாசத்தில் தோற்பதைப் பார்க்கவா இவ்வளவு செலவு என்று கேட்பார்கள். பெங்களூரின் கணக்கு இரு பக்கமும் பேசுகிறது. 2017-ல் சொந்த மண்ணில் இந்திய மகளிர் அணி கஜகஸ்தானை 75-73 என வீழ்த்தி ஆசியக் கோப்பையின் இரண்டாம் பிரிவை வென்றது. அதே ஆண்டு, அதே ஊரில், 16 வயதுக்கு உட்பட்ட பெண்களும் இரண்டாம் பிரிவை வென்று முதல் பிரிவுக்கு ஏறினார்கள். சொந்த ஊர்க் கூட்டத்தின் பலம் பொய்யல்ல. ஆனால் 2019-ல் அதே பெங்களூரில் முதல் பிரிவில் ஆடிய மகளிர் அணி கடைசி இடத்தில்தான் முடித்தது. போட்டி ஏற்றிவிடும், ஏறிய இடத்தில் நிற்க வைப்பது அன்றாடப் பயிற்சி. அந்தப் பணத்தில் மாநகராட்சிப் பள்ளிகளுக்குக் கோட்டுகள் போடலாமே என்ற வாதம் இதைவிட வலுவானது. நியாயமும்கூட. ஆனால் போட்டி என்று ஒன்று வராத ஆண்டுகளில் அந்தக் கோட்டுகள் போடப்பட்டுவிட்டனவா? தேதி குறித்த பிறகுதான் நம் அலுவலகங்களில் கோப்பு நகரும் என்பது ஊரறிந்த சங்கதி. வயதைக் குறைத்துக் காட்டும் பழைய நோயைக் கிளப்புவோரும் உண்டு. அதற்குப் பிறப்புச் சான்றை முன்கூட்டியே கறாராகப் பார்ப்பதுதான் வழி.

எனவே போட்டியைக் கேட்கும்போதே நிபந்தனையையும் எழுதிவைக்க வேண்டும். 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலக் கோட்டுக்கான மரத் தளம் பலகை பலகையாகக் கழற்றி மாட்டக்கூடியது. கடைசி ஆட்டம் முடிந்ததும் அது கிடங்குக்கோ, பாட்டு வெளியீட்டு விழா நடக்கும் அரங்குக்கோ போகக் கூடாது. தென் சென்னையில் கூரை போட்ட ஒரு மாநகராட்சி அரங்கில் அதைப் பதித்து, மாலை 5 முதல் 8 வரை மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லாமல் திறந்துவிட வேண்டும். போட்டி நாட்களில் அரங்கின் கீழ்வரிசை இருக்கைகளும் அவர்களுக்கே. நந்தனத்தில் மெட்ரோ ஏறினால் சென்ட்ரலில் இறங்கி நேரு உள்விளையாட்டரங்குக்கு நடந்தே போகலாம், பி.டி. மாஸ்டர் ஒருவர் கூட வந்தால் போதும். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் மாநிலக் கூடைப்பந்துச் சங்கமும் இந்த நிபந்தனையோடு விண்ணப்பத்தை இந்த ஆண்டே தயாரிக்கட்டும்.