கைக்கு எட்டிய பூசணி

பக்கத்து வீட்டில் 7 மாதக் குழந்தை வேகவைத்த மஞ்சள் பூசணித் துண்டை முஷ்டிக்குள் இறுக்கிப் பிடித்து, வெளியே நீட்டிக்கொண்டிருந்த பாதியை மட்டும் சப்பிக்கொண்டிருந்தது. விரல்நுனியால் கிள்ளி எடுக்க இந்த வயதில் வராது. அதனால்தான் காயை நம் விரல் நீளத்துக்கு நறுக்குகிறார்கள். இங்கிலாந்தின் ஜில் ராப்ளி 2008-இல் புத்தகமாக எழுதிப் பரப்பிய, குழந்தையே கையால் எடுத்துச் சாப்பிடும் இந்த முறையைப் பார்த்து, தொண்டையில் சிக்கிவிடுமோ என்று பாட்டிகள் பதறுகிறார்கள். அந்தப் பதற்றம் நியாயமானது. பச்சைக் கேரட் ஆபத்துதான். இரண்டு விரலால் அழுத்தினால் மசிகிற அளவுக்கு வெந்த கேரட், சர்க்கரைவள்ளி என்றால், குழந்தையை நிமிர்த்தி உட்காரவைத்து, கண்ணெடுக்காமல் ஒருவர் பக்கத்திலேயே இருந்தால் கொடுக்கலாம். எனக்கு இதில் பிடித்தது, குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டால் அத்தோடு விட்டுவிடுவது. காக்கா காட்டி இன்னொரு வாய் திணிப்பதில்லை. அதற்காகப் பருப்புச் சாதத்தை நிறுத்திவிடாதீர்கள்; இரும்புச்சத்துக்குக் காய் மட்டும் போதாது.