கறுவாத்தோட்டத்திலிருந்து காலி வீதிக்கு



கொழும்பில் படித்தவர்கள் ஒருமுறையாவது கறுவாத்தோட்டத்து நூதனசாலைக்குப் போயிருப்பீர்கள், வரிசை குலையாமல், வாயில் விரல் வைத்தபடி. ஆளுநர் வில்லியம் கிரகரியின் காலத்தில், 1877 ஜனவரி 1 அன்று திறந்த வெள்ளை மாளிகை அது. கட்டியவர் வாப்பிச்சி மரிக்கார். கைம்மாறாக என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, வெள்ளிக்கிழமைகளில் மூடினால் போதும் என்றாராம்.

அங்கே எனக்குப் பிடித்தது கண்டி மன்னரின் சிம்மாசனம் அல்ல, ஒரு கல். சீனக் கடற்தளபதி ஷெங் ஹ கொண்டுவந்த, 1409 திகதியிட்ட கல்வெட்டு. 1911 இல் காலியில் ஒரு மதகுக்கு மூடியாகக் கிடந்தது. சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தென்னாவர நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும் காணிக்கை சொல்கிறது. ஒருவரும் கோபிக்க இடம் வைக்காத கெட்டிக்காரர்!

அந்தக் கல்லின் ஞாபகம் கொள்ளுப்பிட்டியில், கிறெஸ்கட் கடைத்தொகுதிக்குள் வந்தது. இலங்கையின் நவீன மற்றும் சமகாலக் கலை அருங்காட்சியகம் இருக்கும் இடம் அதுதான். 2019 டிசம்பரில் வேறோர் உயர்ந்த கட்டடத்தின் 17ஆம் மாடியில் தொடங்கியபோது, முதற் கண்காட்சிக்குப் பெயர் தந்தது கவிஞர் சேரனின் கவிதை. அந்தக் கல்லைப் போலவே இங்கும் விளக்கங்கள் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என மூன்று மொழிகளில். தமிழ்ப் பலகையைக் கண்டாலே எழுத்துப்பிழை தேடும் நமக்கு, நின்று வாசிக்கக் கிடைப்பதே பெரிய ஆறுதல். வெள்ளவத்தையில் 100ஆம் இலக்க பஸ் ஏறினால் வாசலில் இறங்கலாம்.

சமகாலக் கலை என்றால் புரியாத கிறுக்கல் என்று முகம் சுளிப்பவர்களுக்கு நான் காட்டுவது ஒரு புத்தகம். அந்த அருங்காட்சியகத்தின் தலைமைக் காட்சிப்பொறுப்பாளரான ஷர்மினி பெரேரா, தன் ரேக்கிங் லீவ்ஸ் பதிப்பகத்தில் 2011 இல் வெளியிட்டது: ஓவியர் தா. சனாதனனின் 'த இன்கம்ப்ளீட் தோம்பு'. ஒல்லாந்தர் காணி பதிந்த ஏடுதானே தோம்பு? இதிலோ, இடம்பெயர்ந்தவர்கள் தாங்கள் விட்டுவந்த வீட்டை நினைவிலிருந்து தம் கையாலேயே வரைந்திருக்கிறார்கள். பக்கத்தில் கட்டடக்கலைஞரின் வரைபடம், பிறகு சனாதனனின் ஓவியம். அரசர்களின் ஆசனத்துக்குக் கறுவாத்தோட்டம் இருக்கிறது. நம் வீட்டுத் திண்ணைக்கு இப்படி யாராவது இடம் கொடுத்தால்தான் உண்டு.

நானும் ஒருநாள் அம்மம்மா வீட்டை வரையப் பார்த்தேன். கிணறும் வேலியும் உடனே வந்துவிட்டன. படலை எந்தப் பக்கம் என்பதில் அக்காவோடு இன்னும் வழக்கு.

அன்புடன்,
ஆசிரியர்