மைதானத்தைப் பற்றி எங்களையும் கேளுங்கள்

நம் பள்ளி மைதானம் முழுவதும் சிமெண்ட் கல் பதிக்கப்படும் என்று பெற்றோர் கூட்டத்தில் அறிவிக்கப்பட்டதிலிருந்து மாணவியரிடையே அதே பேச்சாக இருக்கிறது. மழைக்காலத்தில் சேறு, வெயில் காலத்தில் புழுதி, இவற்றிலிருந்து விடுதலை என்று பெற்றோர் பலர் மகிழ்கிறார்கள். வெள்ளைச் சீருடையைத் துவைத்துத் துவைத்து அலுத்துப்போன என் அம்மாவும் அவர்களுள் ஒருவர். ஆனால் அந்த மைதானத்தில் நாள்தோறும் ஓடியாடும் எங்களை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து.

சிறுமிகளுக்கு என்ன தெரியும் என்று சிலர் நினைக்கலாம். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்துப் பெர்க்லி நகரில் வாஷிங்டன் தொடக்கப் பள்ளி என்று ஒன்று உண்டு. அதன் மைதானம் ஒன்றரை ஏக்கரும் தார்த்தரையாகவே இருந்தது. 1971-ஆம் ஆண்டு தொடங்கி, ராபின் மூர் என்ற வடிவமைப்பாளர், ஆசிரியர்களையும் பிள்ளைகளையும் பெற்றோரையும் அக்கம்பக்கத்தாரையும் கலந்து பேசி அதை மாற்றியமைத்தார். ஏறத்தாழ அரை ஏக்கர் தாரைப் பெயர்த்தெடுத்துவிட்டு, குளமும் மரமும் செடிகொடிகளும் உண்டாக்கினார்கள். தார்த்தரையாக இருந்த காலத்தில் சலிப்பும் சண்டையும்தான் அங்கே வழக்கமாம். மண்ணும் நீரும் வந்தபின் பிள்ளைகள் விதவிதமாகக் கூடி விளையாடத் தொடங்கினார்களாம். அவர்கள் பாடுபட்டுப் பெயர்த்ததை நாம் பணம் கொடுத்துப் பதிக்கப் போகிறோம்!

அவ்வளவு தூரம் போவானேன்? 1901-இல் சாந்திநிகேதனில் பள்ளி தொடங்கிய தாகூர், மரநிழலையே வகுப்பறையாக்கினார். 1928-இல் மரம் நடுவதை அங்கே ஒரு விழாவாகவே ஆக்கிவிட்டார். நம் பக்கத்து மாநிலமான கர்நாடகத்தில், பெங்களூரைச் சேர்ந்த ஆண்ட்ஹில் கிரியேஷன்ஸ் என்ற அமைப்பு பழைய டயர்களைக் கொண்டே பள்ளிகளுக்கு விளையாட்டுத் திடல்கள் அமைத்து வருகிறது. அம்பத்தூரில் பழைய டயருக்கா பஞ்சம்?

மழைநீரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2003-ஆம் ஆண்டு முதல் நம் மாநிலத்தில் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயம். கூரையில் விழும் நீரைக் குழாய் வைத்து மண்ணுக்குள் அனுப்பிவிட்டு, மைதானத்தில் விழும் நீரைத் தெருவுக்குத் துரத்துவது என்ன நியாயம்? 2015-ஆம் ஆண்டு வெள்ளத்தைப் பார்த்த ஊர்க்காரர்கள் நாம். 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. வேம்பு, புங்கை, பூவரசு என்று நம் மண்ணுக்குரிய மரங்களாகப் பார்த்து நடலாம். பூவிருந்தவல்லிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு ஒரு மல்லிகைப் பந்தல்கூட இல்லாதது வேறு எனக்குக் குறையாகப் படுகிறது.

மரம் என்றால் சருகு உதிரும். அதைப் பெருக்குகிற ஆயா அம்மாவின் முதுகு வலியை நாங்கள் அறிவோம். ஆகவே அவர்களையும் கேட்க வேண்டும். புதர் வளர்ந்தால் பாம்பு வரும் என்பார் காவல்காரத் தாத்தா, அதுவும் உண்மையே. காலை வழிபாட்டுக்கு வரிசையாக நிற்கும் இடத்திலும், வாயிலிலிருந்து படிக்கட்டு வரையிலும் கல் பதிப்பதை நான் எதிர்க்கவில்லை. மீதியை மண்ணாகவே விட்டுவிடலாமே!

எங்களைக் கேட்டால் வரைபடத்தில் இல்லாத செய்திகள் கிடைக்கும். மதியம் பன்னிரண்டரை மணிக்கு நிழல் எங்கே விழுகிறது, எந்த மூலையில் தண்ணீர் மூன்று நாள் தேங்குகிறது என்பது எங்களுக்குத் தெரியும். பெரிய மாணவியர் எறிபந்து ஆடும்போது எல்.கே.ஜி. குழந்தைகள் சுவரோரம் ஒதுங்கி நிற்பதை நாங்கள்தான் பார்க்கிறோம். பாண்டியாட்டத்துக்குக் கட்டம் போட மண் வேண்டும். கோகோவில் விழுந்தால் முழங்காலைக் காப்பாற்றவும் மண்தான் வேண்டும். விளையாட முடியாத நாட்களில் ஒரு பெண் நிழலாக உட்கார ஓர் இடம்கூட இன்று இல்லை. இதை எந்தக் காண்டிராக்டர் அறிவார்?

வேலை கோடை விடுமுறையில்தான் தொடங்கும் என்கிறார்கள். அதற்குள் ஒவ்வொரு வகுப்பும் மைதானத்தை அளந்து ஒரு படம் வரையட்டும். கணக்கு ஆசிரியை மேற்பார்வை பார்த்தால் அது பாடமாகவும் ஆகும். எல்லாப் படங்களையும் அடுத்த பெற்றோர் கூட்டத்தன்று கூடத்தில் மாட்டிவைத்து, எல்லோரும் பார்த்துப் பேசியபின் முடிவை மதர் அவர்கள் எடுக்கட்டும். பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு அளவு நாடாவுடன் தயாராக இருக்கிறது.