சிங்க நெஞ்சர் சிறையிருந்த குன்று



ஆங்கிலக் கதைப் புத்தகம் படிக்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் ‘சிங்க நெஞ்சர் ரிச்சர்டு’ என்னும் பெயர் வீட்டுக்குள் வந்தே தீரும். ராபின் ஹூட் கதையின் முடிவில் வந்து, கெட்டவர்களைத் தண்டித்து, நல்லவர்களுக்கு நிலமும் பட்டமும் வழங்கும் இங்கிலாந்து மன்னர் அவர். அத்தனை நல்ல மன்னர் இத்தனை காலம் எங்கே போயிருந்தார் என்று பிள்ளை கேட்கும். போருக்குப் போனார், திரும்பும் வழியில் பிடிபட்டார் என்று புத்தகம் ஒரே வரியில் முடித்துவிடும். எங்கே, யாருடன் போர் புரிந்தார், எங்கே பிடிபட்டார் என்பவை அந்த வரிக்குள் புதைந்து கிடக்கின்றன. அவற்றைத் தோண்டியெடுக்கவே இந்த மாதம் உங்களை ஆஸ்திரியா நாட்டின் ஒரு மலைப்பாதைக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன்.

வியன்னா நகரிலிருந்து ரயிலில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் பயணம் செய்தால் கிரெம்ஸ் என்னும் ஊர் வரும். அங்கிருந்து மேற்கே மெல்க் என்னும் ஊர் வரை சுமார் 36 கிலோமீட்டர் தூரம் டான்யூப் நதி மலைகளுக்கிடையே வளைந்து வளைந்து வருகிறது. அந்தப் பள்ளத்தாக்கின் பெயர் வாஹாவ். கடினமான பழம்பாறைகளை நதி அறுத்துக்கொண்டு வழி செய்திருக்கிறது. அந்தச் சரிவுகளிலெல்லாம் சாந்து பூசாமல் கல்லின் மேல் கல் அடுக்கிப் படிப்படியாகத் தளங்கள் கட்டித் திராட்சை பயிரிடுகிறார்கள். 2000-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இந்தப் பள்ளத்தாக்கை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. நதியின் இரு கரைகளையும் சுற்றி, 14 பகுதிகளாகப் பிரித்து, 180 கிலோமீட்டர் நீளத்துக்கு நடைபாதை அமைத்திருக்கிறார்கள். இதில் நமக்கு வேண்டியது ஒரு பகுதிதான். டூர்ன்ஸ்டைன் என்னும் சிற்றூரிலிருந்து வைசன்கிர்ஹென் என்னும் அடுத்த ஊர் வரை மலை மேல் ஏறி இறங்கும் பாதை அது. நிதானமாக நடந்தால் அரை நாள் ஆகும். மலையேற்றப் பயிற்சி எதுவும் தேவையில்லை. ஆனாலும் மூட்டு வலி உள்ள பெரியவர்கள் முதல் ஏற்றத்தோடு திரும்பிவிடுவது நல்லது. அந்த முதல் ஏற்றத்திலேயே நம் கதை முடிந்துவிடுகிறது என்பதால் அவர்களுக்கு நஷ்டமில்லை.

டூர்ன்ஸ்டைன் மதில் சூழ்ந்த ஊர். நதியோரம் நீலமும் வெள்ளையுமாக ஒரு மடாலயக் கோபுரம் நிற்கும். ஊருக்கு நேர் மேலே, சுமார் 150 மீட்டர் உயரத்தில், பாறை எது, சுவர் எது என்று பிரித்தறிய முடியாதபடி ஒரு கோட்டையின் இடிபாடு தெரியும். ஏறுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று மதிலையொட்டிச் செங்குத்தாகச் செல்லும். மற்றொன்றுக்குக் கழுதைப் பாதை என்று பெயர். அது சுற்று வழி, ஆனால் மூச்சு வாங்காது. பிள்ளைகள் முதல் வழியில் ஓடட்டும், நீங்கள் கழுதைப் பாதையில் வாருங்கள். அரை மணி நேரத்தில் மேலே சந்தித்துக்கொள்ளலாம். நுழைவுக் கட்டணம் கிடையாது.

மேலே மாளிகை எதையும் எதிர்பார்த்துச் செல்லாதீர்கள். 1645-இல் ஸ்வீடன் நாட்டுப் படை இந்தக் கோட்டையை வெடிவைத்துத் தகர்த்துவிட்டது. கூரையற்ற சுவர்களும், ஒன்றிரண்டு வளைவுகளும், நதியைப் பார்த்துத் திறந்திருக்கும் சில துவாரங்களுமே எஞ்சியிருக்கின்றன. ஒரு கல்லின் மேல் அமர்ந்து, பிள்ளைகளையும் பக்கத்தில் அமர்த்திக்கொள்ளுங்கள். இனி, 800 ஆண்டுகளுக்கும் முன்னால் போக வேண்டும்.

சுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபி (ரஹ்) அவர்கள் பைத்துல் முகத்தஸை மீட்டது ஹிஜ்ரி 583 ரஜப் 27, அதாவது 1187 அக்டோபர் 2. அதற்குப் பதிலடியாக ஐரோப்பிய மன்னர்கள் திரட்டி வந்த படையில்தான் ரிச்சர்டு வந்தார். கடற்கரைக் கோட்டை நகரமான அக்கா, நீண்ட முற்றுகைக்குப் பின் 1191 ஜூலை 12 அன்று சரணடைந்தது. உள்ளே இருந்த முஸ்லிம் வீரர்களின் உயிருக்கு ஈடாக 2,00,000 தீனார் பணமும், கிறிஸ்தவக் கைதிகள் பலரின் விடுதலையும், அவர்கள் புனிதமாகக் கருதிய சிலுவையும் தரப்பட வேண்டும் என்பது ஒப்பந்தம். தவணை முறையில் தருவதாகப் பேச்சு. முதல் தவணையின்போதே இரு தரப்புக்கும் நம்பிக்கை முறிந்தது. ‘எங்கள் ஆட்களை முதலில் விடுங்கள், அல்லது பிணை தாருங்கள்’ என்றது ஒரு தரப்பு. ‘முதலில் முழுவதையும் தாருங்கள்’ என்றது மறு தரப்பு. நாட்கள் கழிந்தன. ஆகஸ்ட் 20 அன்று ரிச்சர்டு அந்தக் கைதிகளை நகருக்கு வெளியே நடத்திச் சென்று, சுல்தானின் படை பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெட்டிக் கொல்லச் செய்தார். ஏறத்தாழ 2,700 பேர். எண்ணிக்கையில் நூல்கள் சிறிது வேறுபடுகின்றன. நிகழ்ச்சியில் வேறுபாடு இல்லை. இரு தரப்பு ஆசிரியர்களும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

அதே அக்காவில் இன்னொரு சிறு சம்பவமும் நடந்தது. வெற்றி பெற்ற நகரின் மேல் ஆஸ்திரியப் பிரபு ஐந்தாம் லியோபோல்டும் தன் கொடியை ஏற்றினார். கொள்ளையில் பங்கு கேட்பதற்கான அடையாளம் அது. ஆங்கிலப் படையினர் அந்தக் கொடியைப் பிடுங்கி எறிந்துவிட்டனர். லியோபோல்டு கோபத்துடன் ஊர் திரும்பினார்.

1192 செப்டம்பரில் சுல்தானும் ரிச்சர்டும் உடன்படிக்கை செய்துகொண்டனர். பைத்துல் முகத்தஸ் முஸ்லிம்களிடமே இருந்தது. கிறிஸ்தவ யாத்திரிகர்கள் தடையின்றி வந்துபோக வழி செய்யப்பட்டது. அடுத்த மாதம் ரிச்சர்டு கப்பலேறினார். அத்ரியாட்டிக் கடலின் வடகரை அருகே கப்பல் சேதமடைந்தது. ஒரு சில துணைவர்களுடன் மாறுவேடத்தில் தரை வழியே புறப்பட்டவர், வேறு வழியின்றி லியோபோல்டின் நாட்டுக்குள்ளேயே நுழைய நேர்ந்தது. கிறிஸ்துமஸுக்குச் சில நாட்கள் இருக்கும்போது வியன்னா அருகே பிடிபட்டார். லியோபோல்டு அவரைத் தம் குறுநிலப் பிரபுவான இரண்டாம் ஹாட்மார் குவென்ரிங் என்பவரிடம் ஒப்படைத்தார். ஹாட்மார் அவரைக் கொண்டுவந்து அடைத்த இடம், வாசகர்களே, நீங்கள் இப்போது அமர்ந்திருக்கும் இந்தக் கோட்டைதான்.

இங்கே வரும் சுற்றுலாப் பயணிகளுக்கு ஓர் இனிய கதை சொல்லப்படும். மன்னரைத் தேடி அவருடைய பாடகர் பிளொண்டெல் கோட்டை கோட்டையாகப் பாடிக்கொண்டு வந்தாராம். இந்தச் சுவரின் கீழே பாடியபோது உள்ளிருந்து மன்னர் மறு அடியைப் பாடினாராம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது பிற்காலத்தில் புனையப்பட்ட கதை. மன்னர் பிடிபட்டது இரகசியமாகவே இல்லை. பேரரசர் ஆறாம் ஹென்றி 1192 டிசம்பர் 28 அன்றே பிரான்சு மன்னருக்குக் கடிதம் எழுதி மகிழ்ச்சி தெரிவித்துவிட்டார். தேடி அலைய வேண்டிய அவசியம் எவருக்கும் இருக்கவில்லை. தேட வேண்டியிருந்தது பணத்தைத்தான்.

1193 மார்ச்சில் ரிச்சர்டு பேரரசரிடம் கைமாற்றப்பட்டார். மீட்புத் தொகை இறுதியில் 1,50,000 மார்க் வெள்ளி என்று முடிவாயிற்று. முதலில் தர வேண்டிய 1,00,000 மார்க் மட்டுமே ஏறத்தாழ 23 டன் எடையுள்ள வெள்ளி. இங்கிலாந்தில் வருமானத்திலும் அசையும் சொத்திலும் நாலில் ஒரு பங்கு வரியாக வாங்கப்பட்டது. தேவாலயங்களின் வெள்ளிப் பாத்திரங்களும், மடங்களின் ஆட்டு ரோமமும்கூட எடுக்கப்பட்டன. ராபின் ஹூட் கதையில் வரும் வரிக்கொடுமையை நினைவுகூருங்கள். அந்த வரியில் பெரும் பங்கு அந்த நல்ல மன்னருக்காகவே வாங்கப்பட்டது என்பதைக் கதைப் புத்தகம் சொல்வதில்லை.

சிறையில் அவர் இயற்றியதாக ஒரு பழைய பிரெஞ்சுப் பாடல் இருக்கிறது. நண்பர்கள் பலர் இருந்தும் பணம் அனுப்பத் தாமதிக்கிறார்களே, இரண்டு குளிர்காலங்கள் கழிந்துவிட்டனவே என்பது அதன் முறையீடு. இலக்கிய அறிஞர்கள் அதை உயர்வாகவே மதிக்கிறார்கள். அதைப் பற்றிப் படிக்கும்போது அக்காவின் 2,700 பேரும் எண்ணத்தில் வராமல் இருப்பதில்லை. அவர்களும் ஒரு தவணைக்காகத்தான் காத்திருந்தார்கள். அவர்களுக்குக் கிடைத்த அவகாசம் சில வாரங்கள். மன்னருக்கோ ஓராண்டுக்கு மேல். 1194 பிப்ரவரி 4 அன்று, முழுப் பணமும் வந்து சேராத நிலையிலேயே, மீதிக்குப் பிணையாட்களைப் பெற்றுக்கொண்டு அவரை விட்டுவிட்டார்கள்.

இந்த இடத்தில் உங்கள் மகனோ மகளோ, ‘அப்படியானால் அவர் கெட்டவர்தானே வாப்பா? நம் சுல்தான்தானே நல்லவர்?’ என்று கேட்கக்கூடும். உடனே ‘ஆம்’ என்று சொல்லிவிட நமக்கு நா துடிக்கும். சற்றுப் பொறுங்கள்.

சுல்தானின் பெருந்தன்மைக்குச் சான்றுகள் ஏராளம். ரிச்சர்டு நோயுற்றுப் படுத்திருந்தபோது கேட்ட பழங்களையும் பனிக்கட்டியையும் போர்க்களத்தைத் தாண்டி அனுப்பிவைத்தவர் அவர். பைத்துல் முகத்தஸ் வசமானபோது ஆண்களுக்கு 10 தீனார், பெண்களுக்கு 5 தீனார் என்று மீட்புத் தொகை விதித்து 40 நாள் தவணை கொடுத்தார். கொடுக்க இயலாத முதியவர்களைச் சும்மாவே விட்டார். அவருடைய தம்பி அல் ஆதில், தமக்கென்று 1,000 கைதிகளைக் கேட்டு வாங்கி, அந்த இடத்திலேயே விடுதலை செய்தார். இதையெல்லாம் நாம் பெருமையோடு பிள்ளைகளுக்குச் சொல்கிறோம், சொல்லவும் வேண்டும். ஆனால் தொகை கட்ட வழியில்லாத ஆயிரக்கணக்கானோர் அன்று அடிமைகளாகவும் ஆனார்கள். ஹித்தீன் போருக்குப் பின் டெம்பிளர், ஹாஸ்பிட்டலர் என்னும் துறவிப் படையினர் சுமார் 200 பேர் சுல்தானின் கட்டளைப்படி கொல்லப்பட்டார்கள். அக்காவுக்குப் பின்னர் பிடிபட்ட எதிரிகள் சிலரும் பழிக்குப் பழியாக வெட்டப்பட்டார்கள். இவற்றை எழுதி வைத்திருப்பவர்களும் நம்மவர்கள்தாம். சுல்தானை உயிராய் நேசித்த காழி பஹாவுத்தீன் இப்னு ஷத்தாத் போன்றவர்களே எதையும் மறைக்காமல் எழுதும்போது, நாம் ஏன் பாதியை விழுங்க வேண்டும்? பாதியைக் கேட்டு வளரும் பிள்ளை, மற்றப் பாதியை வேறு எங்கேனும், நம்மைப் பிடிக்காத ஒருவர் வாயால் கேட்கும். அன்று நாம் சொன்ன உண்மையும் அதற்குப் பொய்யாகத் தோன்றும்.

சுல்தான் ஹிஜ்ரி 589 ஸஃபர் 27 அன்று, 1193 மார்ச் 4, திமிஷ்கில் வபாத்தானார். ரிச்சர்டு அப்போதும் இந்நாட்டில் சிறையிருந்தார். சுல்தானின் கருவூலத்தில் 47 வெள்ளி திர்ஹமும் ஒரே ஒரு பொற்காசும்தான் இருந்தன என்று அதே பஹாவுத்தீன் எழுதுகிறார். லியோபோல்டு தம் பங்கு வெள்ளியைக் கொண்டு வியன்னாவின் மதிலைப் பெரிதாக்கினார், புதிய நகரம் ஒன்றை நிறுவினார். அதை அனுபவிக்க அவருக்கு நாள் இருக்கவில்லை. அதே 1194-இன் கடைசி நாளில், குதிரையிலிருந்து விழுந்த காயத்தால் இறந்தார்.

எழுந்திருங்கள், பாதை இன்னும் இருக்கிறது. கோட்டைக்குப் பின்னால் காட்டுக்குள் ஏறும் வழியைப் பிடித்தால் 564 மீட்டர் உயரத்தில் ஸ்டார்ஹெம்பெர்க் பார்வைக் கோபுரம் வரும். பாறைகளைப் பற்றிக்கொண்டு செல்லும் வேறொரு குறுக்கு வழியும் உண்டு. குழந்தைகளுடன் அதில் போக வேண்டாம். மேலிருந்து பார்த்தால் நதி ஒரு பெரிய வளைவாய்த் திரும்புவதும், எதிர்க்கரையில் ரோசாட்ஸ் ஊரின் தோட்டங்களும் தெரியும். லுஹர் நேரமாகியிருந்தால் கிப்லா தென்கிழக்கே இருக்கிறது. நதியைக் குறுக்கே பார்த்து, நீரோட்டம் போகும் பக்கமாகச் சற்றுத் திரும்பி நின்றால் சரியாக இருக்கும். உளூவுக்கு வேண்டிய தண்ணீரைக் கீழேயிருந்தே கொண்டுபோய்விடுங்கள்.

உணவையும் கையோடு கொண்டுபோவதே உத்தமம். வழியில் உள்ள விடுதிகளில் பன்றி இறைச்சியும் திராட்சை மதுவுமே பெரும்பாலும் கிடைக்கும். ஆனால் இந்தப் பள்ளத்தாக்கின் இன்னொரு விளைபொருளான ஆப்ரிகாட் பழத்தைத் தவறவிடாதீர்கள். மார்ச் கடைசியிலும் ஏப்ரல் தொடக்கத்திலும் மரங்கள் வெண்மையும் இளஞ்சிவப்புமாய்ப் பூத்து நிற்கும். ஜூலையில் பழம். சாலையோரக் கடைகளில் கூடையாகவும், பழப்பாகாகவும், சாறாகவும் விற்பார்கள்.

வெள்ளிக்கிழமையானால், ஜும்ஆவுக்கு வியன்னாவிலேயே இருந்துவிட்டு மறுநாள் புறப்படுங்கள். அங்கும் இதே நதியின் ஒரு கிளையோரமாக, 1979-இல் திறக்கப்பட்ட இஸ்லாமிய மையத்தின் பள்ளிவாசல் மினாராவுடன் நிற்கிறது. ஆஸ்திரியா இஸ்லாத்தைச் சட்டப்படி அங்கீகரித்தது 1912-இல். ஐரோப்பாவின் பல நாடுகளில் அத்தகைய சட்டம் எண்ணத்திலும் இல்லாத காலம் அது.

வைசன்கிர்ஹெனில் இறங்கியதும் நெடுஞ்சாலையிலேயே கிரெம்ஸுக்குப் பேருந்து கிடைக்கும். கோடை மாதங்களில் நதியில் கப்பலும் உண்டு. கப்பலில் திரும்பினால் பிள்ளைகளை இடப்பக்கமாக அமர்த்துங்கள். டூர்ன்ஸ்டைனைக் கடக்கும்போது நீலக் கோபுரத்துக்கு மேலே அந்தக் கற்கள் இன்னொரு முறை தெரியும்.